கடல் உப்பும் கண்டக் கழலையும்

புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும் பாதை பாலாவியில் பிரிகின்றது. அவ்விடத்தை அணுகும்போதே உப்பளப் பாத்திகளும், வெயிலிற் பளபளக்கும் உப்புக் குவியல்களும் நம் கண்ணைக் கவர்கின்றன. களப்பு நீரைப் பாத்திகளிலே தேக்கிக் கதிரவனிடம் ஒப்படைத்து, நம்மவர் விளைவிக்கும் செல்வம் இது. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்றனர் நம் முன்னோர்.

கடைகளில் நாம் வாங்கும் உப்புப் பையிலே "அயடீன் சேர்த்தது" என்று எழுதியிருக்கக் காண்கிறோம். கடல்நீரில் அயடீன் உண்டென்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். அவ்வாறாயின், கடலில் விளைந்த உப்புக்கு அதனை மீண்டும் சேர்ப்பானேன்?

சிறிது கணக்குப் பார்ப்போம். ஒரு லீற்றர் கடல்நீரில் உப்புப் பொருள்கள் ஏறக்குறைய 35 கிராம் உள்ளன. அயடீனோ 60 மைக்கிரோகிராம் அளவே உண்டு. ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கே மைக்கிரோகிராம் எனப்படும். அவ்வயடீன் முழுவதும் உப்போடு வந்தாலும், நாம் நாளொன்றுக்கு உண்ணும் 10 கிராம் உப்பில் 17 மைக்கிரோகிராமே கிடைக்கும். வளர்ந்த ஒருவருக்கு வேண்டியதோ 150. அந்தப் பதினேழும் நமக்கு முழுமையாக வந்து சேர்வதில்லை. உப்புப் பளிங்காகப் படிந்தபின் எஞ்சும் கசப்பு நீரோடு அயடீனின் பெரும்பகுதி வெளியேறிவிடுகின்றது.

இத்துணைச் சிறு பொருள் குறைந்தால் என்ன கேடு விளையும்? கழுத்தின் முன்புறத்தே அமைந்த தைரொயிட் சுரப்பி, அயடீனைக் கொண்டே தன் சுரப்பு நீரை ஆக்குகின்றது. அயடீன் போதாதபோது அச்சுரப்பி வீங்கிக் கண்டக் கழலையாகின்றது. இதனிலும் கொடியது ஒன்றுண்டு. கருவுற்ற தாய்க்கு அயடீன் மிகக் குறைந்தால், வயிற்றிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றிப்போகும். பிறந்தபின் அதனை மீட்டல் அரிது.

இச்சுரப்பியின் ஆற்றலை விஞ்ஞானிகளுக்கு உணர்த்தியவை எளிய வாற்பேய்கள் என்றால் வியப்பன்றோ! தலைப்பிரட்டை எனத் தமிழகத்தார் அழைக்கும் தவளைக் குஞ்சுகளே அவை. 1912ஆம் ஆண்டில் குடர்னாட்ஷ் என்னும் அறிஞர், குதிரையின் தைரொயிட் சுரப்பியை அவற்றுக்கு உணவாக இட்டார். அவை வளரு முன்னரே வால் ஒடுங்கிக் கால் முளைத்து, ஈயளவான தவளைகளாக மாறின. பின்னர், 1916இல் பெனற் அலன் என்பார் வாற்பேய்களின் அச்சுரப்பியை அகற்றிப் பார்த்தார். அவை உருவிற் பெருத்தனவேயன்றித் தவளைகளாக மாறவில்லை.

ஆய்வுகூடத்திற் கண்டது மனிதருக்கும் பயன்படுமா? அமெரிக்காவின் அக்ரன் நகரில், 1917ஆம் ஆண்டு தொடக்கம், டேவிட் மரீன், கிம்பல் ஆகிய மருத்துவர்கள் பள்ளி மாணவியருக்கு அயடீன் மருந்தளித்தனர். உட்கொண்ட 2,190 பேரில் ஐவருக்கே கழலை கண்டது. உட்கொள்ளாத 2,305 பேரில் 495 பேருக்குக் கண்டது.

நமது அண்டை நாடாகிய இந்தியாவிலும் 1956இல் இமயமலைச் சாரலிலுள்ள காங்ரா பள்ளத்தாக்கில், பேராசிரியர் இராமலிங்கசுவாமியும் அவர்தம் குழுவினரும் ஒரு பரிசோதனை தொடங்கினர். பள்ளத்தாக்கு மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. இரு பகுதிகளுக்கு அயடீன் உப்பும், ஒன்றுக்கு வெறும் உப்பும் வழங்கப்பட்டன. சில ஆண்டுகளில் அவ்விரு பகுதிகளிலும் கழலை வெகுவாகக் குறைந்தது. வெறும் உப்பு உண்ட பகுதியில் குறையவில்லை. உண்மை புலப்பட்டபின் அப்பகுதியாருக்கும் அயடீன் உப்புக் கிடைத்தது. அவ்வூரார் காத்திருந்த ஆண்டுகளின் பயனை நாம் இன்று துய்க்கின்றோம் என்பதை மறத்தல் ஆகாது.

இலங்கையில் 1986-87இல் நடந்த ஆய்விலே, பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 18.8 பேரிடம் கண்டக் கழலை காணப்பட்டது. மழை மிகுந்து, மண்ணிலுள்ள அயடீன் கழுவப்பட்டுப் போகும் தென்மேற்குப் பகுதியிலே இக்குறை நெடுங்காலம் இருந்து வந்தது. உண்ணும் உப்பில் அயடீன் சேர்த்தல் 1995இல் சட்டமாயிற்று. 2010ஆம் ஆண்டின் ஆய்விலே அத்தொகை நூற்றுக்கு 4.4 ஆகக் குறைந்திருந்தது.

இனி நம் இல்லங்களில் செய்யத்தக்கது யாது? உப்பை மூடியுள்ள பாத்திரத்தில், ஈரமும் அடுப்பின் வெக்கையும் படாதவாறு வைத்தல் வேண்டும். கறி வெந்து இறக்கும் தறுவாயில் உப்பிடுதல் நன்று. அயடீன் வேண்டுமென்று உப்பை மிகுதியாக உண்ணலாகாது. நாளொன்றுக்கு 5 கிராமுக்கு உட்பட்டிருப்பதே நலமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

எழுபது ஆண்டு வாழும் ஒருவருக்கு வேண்டிய அயடீன் அனைத்தையும் கூட்டினாலும் நான்கு கிராமை எட்டாது. அந்த அற்ப அளவு உரிய காலத்திற் கிட்டாமையால் ஒரு குழந்தையின் அறிவு மங்குமாயின், அதனினும் பெரிய இழப்பு வேறில்லை. புத்தளத்து உப்பளத்தே கடலும் வெயிலும் உழைப்பாளியும் தத்தம் பங்கைச் செலுத்துகின்றனர். எஞ்சிய ஒரு துளியை விஞ்ஞானம் சேர்க்கின்றது. அதனைப் பேணிக் காப்பது அடுக்களையில் நிற்கும் நம் கடமையாகும்.