இருண்டதெல்லாம் குரங்கு

தலைநகரைப் பல இரவுகள் தூங்கவிடாமல் அடித்த ஒரு பிராணி கடைசிவரை யார் கையிலும் சிக்கவில்லை. சிக்காததற்குக் காரணம், அது பதுங்கியிருந்த இடம்.

2001 மே மாதம். வெயிலும் மின்வெட்டும் சேர்ந்து கிழக்கு தில்லியின் நெருக்கடியான காலனிகளில் மக்களை மொட்டைமாடிக்கு விரட்டியிருந்தன. நள்ளிரவில் எங்கோ ஒரு மாடியிலிருந்து "ஆ கயா!" என்று அலறல். அடுத்த மாடி விழித்துக்கொள்ளும். அதற்கடுத்த மாடி ஓடத் தொடங்கும். கும்மிருட்டு, தூக்கக் கலக்கம், காலடியில் மாடி விளிம்பு. இந்த ஓட்டத்தில் விழுந்து குறைந்தது இரண்டு பேர் இறந்தார்கள். ஒருவர் கர்ப்பிணி. அக்கம்பக்கத்தார் போட்ட கூச்சலில் பதறி எழுந்தவர், மாடிப்படியில் உருண்டார்.

அவர்களை விரட்டியது 'மங்கி மேன்'. ஹிந்தியில் 'காலா பந்தர்'. காஜியாபாத்தில் கிளம்பிய பேச்சு, எல்லை தாண்டி தலைநகருக்குள் நுழைந்ததும் கைகால் முளைத்தது. நாலடி உயரம், உடம்பெல்லாம் கறுப்பு ரோமம் என்றார்கள் சிலர். தலையில் ஹெல்மெட், விரல்களில் உலோக நகம், ஜொலிக்கும் சிவப்புக் கண்கள் என்றார்கள் வேறு சிலர். மார்பில் பொத்தான்கள் இருப்பதாகவும், அழுத்தினால் மறைந்துவிடும் என்றும்கூட ஒரு பேச்சு. போலீஸுக்கு நூற்றுக்கணக்கில் அழைப்புகள் குவிந்தன. சொன்னவர்களின் வர்ணனையை வைத்து போலீஸ் படம் வரைந்து வெளியிட்டது. பிடித்துக் கொடுப்பவருக்கு 50,000 ரூபாய் பரிசும் அறிவித்தது.

குரங்கு சிக்கவில்லை. மனிதர்கள் சிக்கினார்கள். நாலடி உயரமே இருந்த ஒரு நாடோடிச் சாமியாரைக் கும்பல் அடித்து நொறுக்கியது. ஒரு வேன் டிரைவருக்கு எலும்பு முறிந்தது.

மனநல மருத்துவமனையான 'இஹ்பாஸ்' நிபுணர்களும் தடயவியல் நிபுணர்களும் விசாரணையில் இறங்கினார்கள். ஜூன் மாதம் கிடைத்த முடிவு: அப்படி ஒரு பிராணியும் இல்லை, மனிதனும் இல்லை. பயம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியிருக்கிறது, அவ்வளவுதான். மழைக்காலம் வந்தது. குரங்கு காணாமல் போயிற்று.

அப்படியானால் பார்த்ததாகச் சொன்ன அத்தனை பேரும் பொய்யர்களா? விளையாட்டுக்கு போன் செய்தவர்களும் இருந்தார்கள்தான். ஆனால் எல்லோரையும் அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. மனித மூளையின் வேலைமுறையை அறிந்தவர்களுக்கு, மொட்டைமாடியில் நடந்தது ஒன்றும் மாயமில்லை.

முதல் சங்கதி, கண். விழித்திரையின் நடுப்புள்ளியில் இருப்பவை வெளிச்சத்தில் மட்டும் நன்றாக வேலை செய்யும் செல்கள். இருட்டில் பார்க்க உதவும் செல்கள் அதைச் சுற்றித்தான் இருக்கின்றன. அதனால் மங்கலான உருவம் ஒன்று ஓரப் பார்வையில் தெரியும். திரும்பி நேராகப் பார்த்தால் மறைந்துவிடும். "கண்மூடித் திறப்பதற்குள் மாயமாகிவிட்டது" என்று ஒருவர் சத்தியம் செய்தால், அவர் கண் அனுபவித்ததைத்தான் சொல்கிறார்.

இரண்டாவது, தூக்கம். கனவு வரும் நேரத்தில் மூளை உடம்பின் தசைகளைக் கட்டிப்போட்டு வைக்கிறது. இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவன் கட்டிலிலிருந்தும் ஓடுவான். சில சமயம் கட்டு அவிழ்வதற்கு முன்பே விழிப்பு வந்துவிடும். கை அசையாது, குரல் எழும்பாது. நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருப்பது போலிருக்கும். பாதிக் கனவு இன்னும் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருக்கும். தமிழ்நாட்டில் இதற்கு 'அமுக்குவான் பேய்' என்று பெயர், ஜப்பானில் 'கனாஷிபாரி'. ஆயுளில் ஒருமுறையாவது இது நேர்ந்தவர்கள் சுமார் 8 சதவீதம் என்கிறது 2011ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு. தூக்கம் கெட்டால் இது அதிகமாகும். ஊரே குரங்கைப் பற்றிப் பேசிவிட்டுப் படுக்கும் இரவில், நெஞ்சில் உட்காருவதற்கு வேறு யார் வருவார்கள்?

மூன்றாவது, கூட்டம். துருக்கியில் பிறந்த உளவியல் அறிஞர் முஸாபர் ஷெரீப் 1935ல் ஒரு சோதனையை வெளியிட்டார். இருட்டறையில் ஒரே ஒரு சிறு ஒளிப்புள்ளி. அது அசைவதே இல்லை. ஆனால் சுற்றிலும் வேறெதுவும் தெரியாதபோது, அசைவதாகவே எவருக்கும் தோன்றும். எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று தனித்தனியாகக் கேட்டால் ஆளுக்கொரு கணக்கு. சேர்த்து உட்காரவைத்து, ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கும்படி செய்தால், கணக்குகள் மெல்ல மெல்ல நெருங்கி ஒன்றாகிவிடும். நகராத புள்ளிக்கு எல்லோரும் கூடி ஒரு தூரத்தை நிர்ணயித்துவிடுவார்கள்! மாடிக்கு மாடி கை மாறிய ஹெல்மெட்டும் நகமும் இப்படிப்பட்ட தூரம்தான்.

நாலாவது, நினைவு. அமெரிக்க உளவியல் அறிஞர் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974ல் வெளியிட்ட சோதனையில் கார் விபத்துப் படம் ஒன்று காட்டப்பட்டது. கார்கள் மோதியபோது என்ன வேகம் என்று ஒரு குழுவிடம் கேட்டார்கள். மோதி நொறுங்கியபோது என்ன வேகம் என்று இன்னொரு குழுவிடம். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று விசாரித்தால், முதல் குழுவில் 14 சதவீதம் பேர் பார்த்தோம் என்றார்கள். இரண்டாவது குழுவில் 32 சதவீதம். படத்தில் கண்ணாடியே உடையவில்லை. ஒரு வார்த்தைக்கே இந்த சக்தி என்றால், நகரமெங்கும் போய்ச் சேர்ந்த போலீஸ் படத்துக்கு எவ்வளவு இருக்கும்?

இங்கேதான் விஷயம் வேடிக்கையைத் தாண்டுகிறது. பயந்தவனின் கண் தவறிழைப்பது இயற்கை. அரசாங்கமே அதன் தலைக்கு விலை வைக்கும்போது, "அப்படியானால் இருக்கிறது" என்று ஆகிவிடுகிறது. பத்திரிகைகளும் டி.வி.யும் மிச்ச வேலையைப் பார்த்துக்கொண்டன.

பாடம் படித்ததாகத் தெரியவில்லை. 2002ல் கிழக்கு உத்தரப் பிரதேசத்தில் முகத்தைப் பிறாண்டும் 'முஹ்நோச்வா' வந்தது. அதைப் பிடிக்கச் சொல்லித் திரண்ட கூட்டத்தின் மீது போலீஸ் சுட்டதில் ஒருவர் இறந்தார். 2017ல் ராஜஸ்தான், ஹரியானா, தில்லி எங்கும் தூங்கும் பெண்களின் பின்னலை யாரோ வெட்டுவதாக வதந்தி. ஆக்ரா அருகே, 60 வயதைக் கடந்த ஒரு தலித் மூதாட்டி, பின்னல் வெட்ட வந்தவள் என்று அடித்துக் கொல்லப்பட்டார்.

2001ல் மாடிப்படிக்கு ஒரு விளக்கு இருந்திருந்தால் ஓர் உயிராவது மிஞ்சியிருக்கலாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லிச் சிரிப்பது சுலபம். பேய் யாரையும் கொன்றதில்லை. கொன்றவை அரண்ட கால்களும் அரண்ட கைகளும்தான்.