நடந்து படிக்கும் ஆறு

பொதட்டூர்பேட்டையில் விசைத்தறிச் சத்தம் அடங்கும் எல்லையைத் தாண்டிப் போனால் கொசஸ்தலை ஆறு. ஆந்திரத்துக் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் நெடியத்திலும் சொரக்காய்பேட்டையிலும் தரைப்பாலங்கள் மூழ்கும். மழை ஓய்ந்த சில மாதங்களில் மணல்தான் மிஞ்சும். பரிசல் விட்டுச் சுற்றிப் பார்க்க இந்த ஆற்றில் வழியில்லை. நடந்துதான் பார்க்க வேண்டும்.

அப்படி நடந்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதிகாரி. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் சரளைக் குழி ஒன்றில் கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்ததை உலகம் அறிந்தது அந்தக் கல்லால்தான். அதே ஆண்டு செப்டம்பரில், வில்லியம் கிங்குடன் கொசஸ்தலைப் படுகைக்கு வந்தார். பூண்டிக்கு அருகே, அத்திரம்பாக்கத்தில் ஓடை அரித்த கரையில் கைக்கோடரிகள் துருத்திக்கொண்டிருந்தன. ஆயிரக்கணக்கான மழைக்காலங்கள் தோண்டி வைத்த குழி அது. ஃபூட் செய்தது, அதைக் கண்திறந்து பார்த்ததுதான். அது சிறிய வேலை அல்ல. அதற்கு முன் எத்தனை பேர் அந்தக் கற்களை மிதித்துக் கடந்திருப்பார்கள்!

அவற்றின் வயதை அறிய மேலும் ஒன்றரை நூற்றாண்டு ஆனது. 1999 முதல் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே அகழாய்வு செய்தார்கள். கருவிகள் குவார்ட்சைட் கல்லால் ஆனவை. வெட்டவெளியில் கிடக்கும்போது விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் அந்தக் கல்லுக்குள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரு கதிரியக்க அணுக்களை உண்டாக்குகின்றன. ஆழமாக மண் மூடிவிட்டால் உற்பத்தி அநேகமாக நின்றுவிடும். இருந்தவை சிதையத் தொடங்கும். அலுமினியத்தில் பாதி சுமார் 7 லட்சம் ஆண்டுகளில் கரையும்; பெரிலியத்துக்கு ஏறக்குறைய 14 லட்சம் ஆண்டுகள் வேண்டும். ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் குறைவதால், மிஞ்சிய விகிதத்தை அளந்தால் கல் எப்போது புதைந்தது என்று தெரிந்துவிடும். 2011இல் வந்த விடை: சராசரி 15 லட்சம் ஆண்டுகள்; எப்படிக் கணக்கிட்டாலும் 10 லட்சத்துக்குக் குறையாது. மேல் அடுக்குகளில் வேறு நுட்பத்தில் செய்த கருவிகள் கிடைத்தன. அந்த நுட்பம் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியது என்று 2018இல் அறிவித்தார்கள். நம் இனம் ஆப்பிரிக்காவை விட்டுக் கிளம்பியதாகச் சொல்லப்படும் காலத்துக்கு வெகுமுன்பே இந்தப் படுகையில் அந்தக் கைத்திறன் இருந்திருக்கிறது.

இந்தக் கணக்கெல்லாம் ஒன்றை நம்பி நிற்கிறது: கல் புதைந்த அடுக்கிலேயே இருக்க வேண்டும். பொறுக்கி எடுத்து அலமாரியில் வைத்த கோடரி வெறும் அழகான கல். எந்த மண்ணில், எந்த ஆழத்தில் கிடந்தது என்பது போனால் அதன் வயதும் போயிற்று. ஒரு லாரி சரளை அள்ளும்போது நாம் இழப்பது மண்ணை மட்டுமல்ல.

பூண்டியில் தொல்பழங்கால அருங்காட்சியகம் இருக்கிறது. முதலில் அங்கே போய் இந்தக் கருவிகளைப் பார்த்துப் பழகுங்கள். பிறகு மழைக்குப் பின் உங்கள் ஊர் ஓடைக்கரையில் நடங்கள். இருபுறமும் செதுக்கிக் கூராக்கிய கல் கண்ணில் பட்டால், பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படம் எடுங்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். கல்லை மட்டும் எடுக்காதீர்கள்.