பழைய சங்கிலி ரம்பம் வாங்கலாமா?

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்த கஜா புயலைத் தென்னை வைத்திருக்கும் எந்த அங்கத்தினரும் மறந்திருக்க மாட்டார். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் இலட்சக்கணக்கான தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்தன. சாய்ந்த தண்டை அப்படியே விட்டால் அது மட்கும்; மட்கிய தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிடும்; பின்னர் அந்த வண்டு தப்பி நின்ற மரங்களின் குருத்தையும் குடையும். ஆகவே தோப்பைத் துப்புரவு செய்வது ஒரு நாளும் தள்ளிப்போட முடியாத காரியமாயிற்று. கோடாலியும் இழுப்பு ரம்பமும் அதற்குப் போதவில்லை. பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பம் பல தோப்புகளுக்குள் அப்போதுதான் முதன்முதலாக நுழைந்தது.

வேலை முடிந்ததும் அந்த ரம்பங்களில் பல விற்பனைக்கு வந்தன. ஒரு கை, இரண்டு கை என்று மாறி, இன்றும் சந்தைக்கு வந்துகொண்டிருக்கின்றன. தென்னை, சவுக்கு, தேக்கு பயிரிடுவோர் பலர், "பழைய ரம்பம் வாங்கிப் பழுது பார்த்து உபயோகிக்கலாமா?" என்று நம்மைக் கேட்கின்றனர். வாங்கலாம் என்பதே நம் விடை. ஆனால் எதைப் பார்த்து வாங்குவது, எந்த விலைக்கு வாங்குவது, எதை மாற்றாமல் ஓட்டக்கூடாது என்ற மூன்றையும் அறிந்தபின் வாங்க வேண்டும். நெசவாள அங்கத்தினர்கள் இது தமக்கன்று எனப் பக்கத்தைப் புரட்ட வேண்டாம். பழைய தறி வாங்குகிறவரும் பழைய மோட்டார் வாங்குகிறவரும் கைக்கொள்ள வேண்டிய முறையும் ஏறக்குறைய இதுவே.

நம் தவறு

முதலில் நம் தவறு ஒன்றை ஒப்புக்கொள்வது முறை. விவசாயிகள் சங்கம் ஒன்று, அங்கத்தினர்களுக்கு வாடகைக்குக் கொடுப்பதற்காகப் பழைய ரம்பங்கள் இரண்டை வாங்கியது. அச்சங்கத்தின் கணக்கை ஆய்வு செய்தவர் நாமே. விலைப்புள்ளிகள் மூன்று இருந்தன, நிர்வாகக் குழுவின் தீர்மானம் இருந்தது, ரசீதும் இருந்தது. இருப்புப் பதிவேட்டில் "ரம்பம் 2" என்று எழுதியிருந்தது. அறையைத் திறக்கச் சொல்லி, இரண்டு இருப்பதை எண்ணிப் பார்த்துக் கையெழுத்திட்டோம்.

நான்கு மாதங்கள் கழித்து ஓர் அங்கத்தினர் அவற்றில் ஒன்றை வாடகைக்கு எடுத்து, சாய்ந்து கிடந்த தென்னையை அறுத்தார். ரம்பத்தின் நுனி அடியில் கிடந்த மற்றொரு தண்டில் பட்டது. கண்ணிமைக்கும் நேரத்தில் ரம்பம் மேலெழும்பி அவருடைய இடது தோளை வெட்டியது. உயிர் தப்பினார். எனினும் அந்தக் கையைத் தலைக்கு மேல் தூக்க அவரால் இன்றும் இயலவில்லை. துரட்டிக் கோல் பிடித்துத் தாமே காய் பறித்து வந்தவர், இப்போது கூலிக்கு ஆள் வைக்கிறார்.

பின்னர் ரம்பத்தைப் பிரித்தபோது உண்மை தெரிந்தது. முன்புறக் கைக்காப்பு இருந்தது. ஆனால் அதனோடு இணைந்து சங்கிலியை நிறுத்தும் பிரேக்குப் பட்டை உள்ளே இல்லை. அறுந்ததை முன்னாள் சொந்தக்காரர் எவரோ எடுத்து எறிந்துவிட்டு, மூடியை மட்டும் மாட்டியிருந்தார். கணக்கில் குறையில்லை, குறை யந்திரத்தில் இருந்தது. நாம் எண்ணினோமே தவிர, சோதிக்கவில்லை. அதன்பின் பல ஞாயிற்றுக்கிழமைகள் ஒரு மெக்கானிக்கின் கடையில் உட்கார்ந்து கற்றதையே இங்கு எழுதுகிறோம்.

ரம்பம் ஏன் துள்ளுகிறது?

சங்கிலி ஓடும் நீண்ட தகட்டைக் கடைக்காரர்கள் "பார்" என்பர். அதன் நுனியின் மேற்பாதி எதன்மேலாவது பட்டால், ஓடும் பற்கள் மரத்தில் சிக்கும். சங்கிலியின் வேகம் முழுவதும் அப்போது ரம்பத்தை ஆளை நோக்கி மேலே தூக்கி எறியும். மனிதன் கையை எடுப்பதற்குள் காரியம் முடிந்துவிடும்.

ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் என்பவர் 1926இல் மின்சாரத்தில் ஓடும் சங்கிலி ரம்பத்தைச் செய்தார். மறு ஆண்டே டோல்மார் என்ற பெயரில் பெட்ரோல் ரம்பம் அந்நாட்டில் வெளிவந்தது. இருவர் சேர்ந்து தூக்க வேண்டிய சுமை அவை. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்து மரவெட்டி ஜோ காக்ஸ், மரத்தைத் தின்னும் வண்டுப்புழு இடமும் வலமுமாக மாறிமாறி அரித்துச் செல்வதை 1946இல் கவனித்தார். அதைப் பின்பற்றி, பற்கள் இடமும் வலமுமாக அமைந்த சங்கிலியை உருவாக்கினார். இன்றைய சங்கிலியின் அமைப்பு அதுவே. ஆனால் துள்ளும் ரம்பத்தை நொடியில் நிறுத்தும் பிரேக்கு 1970களில்தான் பரவியது. ரம்பம் பிறந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆனபின் வந்த பாகம் அது. அது இல்லாமலும் ரம்பம் நன்றாகவே அறுக்கும். பழுது பார்ப்பவர் முதலில் கைவிடும் பாகம் அதுவாக இருப்பதற்குக் காரணமும் இதுவே.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

யந்திரத்தைப் பார்க்கப் போகும்போது, அதை முன்கூட்டி ஓட்டி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும். போய்த் தொட்டதும் சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் கிளம்ப மறுக்கும் யந்திரமோ என்று சந்தேகிக்கலாம்.

எஞ்சினை ஓட்டாமலே, கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து ரம்பத்தைத் தொங்கவிட்டுப் பாருங்கள். நல்ல எஞ்சின் தடைபட்டுத் தடைபட்டு மெல்ல இறங்கும். கயிறு சரசரவென்று உருவிக்கொண்டு வந்தால் உள்ளே அழுத்தம் போய்விட்டது என்று பொருள். அழுத்தமானி இருந்தால் பிளக்கைக் கழற்றிப் பொருத்தி அளக்கலாம். நல்ல நிலையில் சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டை ஒட்டிக் காட்டும். 100க்குக் கீழே இறங்கினால் பிஸ்டனும் வளையமும் தேய்ந்தவை.

அடுத்து, சைலன்சரைக் கழற்றச் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று திருகாணிகள்தான். அந்தத் துவாரத்தின் வழியே பிஸ்டனின் பக்கம் தெரியும். வழுவழுப்பாக இருந்தால் நல்லது. மேலும் கீழுமாகக் கீறல்கள் ஓடியிருந்தால் அது சூட்டில் பிடித்துக்கொண்ட எஞ்சின். இதைக் கழற்றிக் காட்ட மறுப்பவரிடம் வாங்காமல் திரும்பிவிடுவதே மேல்.

பிரேக்கைப் பார்க்காமல் பணத்தை எடுக்கக்கூடாது. எஞ்சினை நிறுத்தி, கையுறை அணிந்து, முன்காப்பை முன்னே தள்ளிச் சங்கிலியை இழுத்துப் பார்க்க வேண்டும், அசையக்கூடாது. பின்னே இழுத்தால் விடுபட வேண்டும். பின் ஓடவிட்டு, முழு வேகத்தில் முன்காப்பைத் தள்ளினால் சங்கிலி உடனே நிற்க வேண்டும். இவ்வளவு செய்தபின்னும் மூடியைத் திறந்து பட்டையைக் கண்ணால் காண வேண்டும். சில வகைகளில் அது பக்க மூடியினுள் இருக்கும். சிலவற்றில் உடலோடு இருக்கும்.

வேகத்தைக் குறைத்து விட்டபோதும் சங்கிலி சுற்றிக்கொண்டிருந்தால் கிளட்சின் சுருள்கள் தளர்ந்திருக்கலாம், அல்லது குறைவேகத் திருகு அதிகம் வைக்கப்பட்டிருக்கலாம். நுனியை ஒரு வெள்ளைத் தாளின் மேல் படாமல் பிடித்து ஓட்டினால், தாளில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் எண்ணெய்ப் பம்பு வேலை செய்யவில்லை. கடைசியாக, யந்திரத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு, எழுத்து மூலம் ரசீது பெற வேண்டும். ரசீது தர மறுக்கும் பொருள் எங்கிருந்து வந்ததோ யார் அறிவார்!

பழுது பார்க்கும் முறை

எஞ்சின் பிடித்துக்கொண்டால், பலர் புதுப் பிஸ்டனையும் சிலிண்டரையும் வாங்கிப் பொருத்திவிட்டு வேலை முடிந்தது என்று எண்ணுகின்றனர். சில நாட்களில் புதியதும் பிடித்துக்கொள்கிறது. காரணத்தைத் தேடாமல் பாகத்தை மாற்றியதன் பலன் அது. எண்ணெய் கலக்காத பெட்ரோல் ஊற்றினார்களா? இறுகிப்போன ரப்பர் குழாயின் வழியாகவோ, தேய்ந்த எண்ணெய்க் காப்பு வளையத்தின் வழியாகவோ காற்று புகுந்ததா? காற்று மிகுந்தால் பெட்ரோலும் அதோடு கலந்த எண்ணெயும் குறையும். எஞ்சின் தன் சூட்டிலேயே அழியும். ஆகவே பிரித்தபோதே பெட்ரோல் குழாய், கார்ப்பரேட்டரின் மெல்லிய சவ்வு, காப்பு வளையங்கள், காற்று வடிகட்டி ஆகியவற்றைப் பார்த்து, ஐயமுள்ளவற்றை மாற்றிவிடுவது சிக்கனம். இந்த ரம்பங்களின் சிலிண்டர் உட்புறத்தில் மெல்லிய கடினப் பூச்சு இருக்கும். மோட்டார் சைக்கிளின் இரும்புச் சிலிண்டரைப் போல் கடைந்து பெரிதாக்க இயலாது. பூச்சுப் போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். பிஸ்டன் ஊசியின் வளையப் பூட்டுகளை ஒரு முறை கழற்றினால் மறுமுறை உபயோகிக்கக்கூடாது.

பெட்ரோலும் எண்ணெயும் பெரும்பாலான யந்திரங்களுக்கு 50க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லிலிட்டர். உங்கள் யந்திரத்தின் புத்தகத்தில் உள்ளதே முடிவானது. 2025 முதல் நம் நாட்டுப் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரைக் கெடுக்கும். எனவே வேலை முடிந்து பல நாள் வைப்பதானால் தொட்டியைக் காலி செய்து, எஞ்சினைத் தானாக நிற்கும்வரை ஓட்டிவிட வேண்டும்.

தென்னந்தண்டின் வெளிப்புறம் மிகக் கடினம். மண்ணில் கிடந்ததானால் மணலும் சேரும். சங்கிலி விரைவில் மழுங்கும். மழுங்கிய சங்கிலி தூளைப் பொடியாகக் கொட்டும்; கூரிய சங்கிலி சீவலாகக் கொட்டும். சங்கிலிக்கேற்ற உருண்டை அரம் வேண்டும்: 0.325 அங்குல வகைக்கு 4.8 மில்லிமீட்டர். எல்லாப் பற்களையும் ஒரே கோணத்தில், ஒரே நீளமாக ராவ வேண்டும். இல்லையேல் ரம்பம் ஒரு பக்கமாக ஓடும்.

விலைக் கணக்கு

உதாரணமாக, புதிய ரம்பம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பழையதற்கு 9,000 கேட்கிறார்கள். மலிவு என்று தோன்றும். சிலிண்டர், பிஸ்டன் 4,500, வளையங்கள், சவ்வு, குழாய் 800, தகடும் சங்கிலியும் 3,200, பற்சக்கரம், பிரேக்குப் பாகங்கள் 1,700, கூலி 1,500. பழுதுச் செலவு மட்டும் 11,700. மொத்தம் 20,700 ஆகிவிட்டது. இன்னும் 9,300 சேர்த்தால் உத்தரவாதத்துடன் புதியதே கிடைக்கும்.

நாம் கூறும் விதி இது: எல்லாச் செலவும் சேர்ந்து புதியதன் விலையில் பாதியைத் தாண்டக்கூடாது. மேற்படி உதாரணத்தில் பாதி 15,000. அதில் பழுதுச் செலவைக் கழித்தால் 3,300. அந்த யந்திரத்துக்குத் தரக்கூடிய உச்ச விலை அதுதான். அதற்குக் கிடைக்காவிட்டால் கைகூப்பி விடைபெறலாம்.

சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. வெவ்வேறு வகைகளை வாங்காமல் ஒரே வகையை வாங்குங்கள். ஒன்றின் பாகம் மற்றொன்றுக்கு உதவும். இருப்புப் பதிவேட்டில் எண்ணிக்கைக்கு அருகில், "பிரேக்குச் சோதித்த தேதி" என்று ஒரு கட்டம் சேருங்கள். வாடகைக்குக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அக்கட்டம் நிரம்ப வேண்டும். தலைக்கவசமும் கண்காப்பும் கால்காப்பும் ரம்பத்தோடு சேர்ந்தே வெளியே போக வேண்டும்.

முன் கூறிய சங்கத்தின் பொதுக்குழுவுக்கு நாமும் சென்றிருந்தோம். இரண்டு ரம்பங்களையும் வந்த விலைக்கு விற்றுவிடலாம் என்று பலர் கூறினர். தோளில் காயம்பட்டவர் எழுந்தார். "யாருக்கு ஐயா விற்பது? வாங்குகிறவருக்கும் தோள் இருக்குமல்லவா?" என்று கேட்டார். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

இரண்டையும் பிரித்து, நல்ல பாகங்களைச் சேர்த்து, புதிய பிரேக்குப் பொருத்தி ஒரு ரம்பமாக ஆக்குவதென்று முடிவாயிற்று. எஞ்சியது உடைத்துப் பழைய இரும்புக்குப் போயிற்று. பதிவேட்டில் இப்போது "ரம்பம் 1" என்று இருக்கிறது. சென்ற ஆய்வின்போது அதை எண்ணுவதற்கு முன் ஓட்டிப் பார்த்தோம். முன்காப்பைத் தள்ளினோம், சங்கிலி நின்றது. அதன்பிறகே கையெழுத்திட்டோம்.