மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவே

தமிழகத்தில் மஃரிப் பாங்குக்கும் இஷா பாங்குக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றே கால் மணி நேரம் உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் இரண்டு தலைமுறைக்கு முன்புவரை அந்த நேரம் ஓதுவதற்கென்றே இருந்தது. விளக்கேற்றியதும் பிள்ளைகள் ரிஹாலை விரித்துக்கொண்டு லெப்பையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். காலையில் சுபுஹு முடிந்ததும் ஒரு பாடம் ஆகியிருக்கும். அதையே மாலையில் திருப்பிக் கேட்பார். தொழ வந்த பெரியவர்களில் பலர் வீட்டுக்குப் போகாமல் பள்ளிவாசலிலேயே இஷாவுக்குக் காத்திருப்பார்கள். ஆலிம்சா கிதாபைத் திறந்து, ஒளூவின் ஃபர்ளோ ஜகாத்தின் கணக்கோ, ஏதாவது ஒரு மஸ்அலாவை விளக்குவார். கல்விக்காக நேரம் ஒதுக்கியதாக அவர்களில் ஒருவரும் சொல்லிக்கொண்டதில்லை. ஊரே அதை ஒதுக்கி வைத்திருந்தது.

பெண்களுக்கு நேரம் வேறு. லுஹர் தொழுது, ஆண்களுக்குச் சோறு போட்டு, அடுக்களையை ஒழித்த பிறகு அஸர்வரை கொஞ்சம் இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளியில்தான் அரபுத்தமிழ் வாழ்ந்தது. அரபு எழுத்தில் தமிழை எழுதி, தமிழுக்கே உரிய ஒலிகளுக்குப் புள்ளிகள் சேர்த்துப் புதிய எழுத்துகளை அமைத்துக்கொண்ட முறை அது. குர்ஆன் ஓதத் தெரிந்த ஒரு பெண், தமிழ் எழுத்தே அறியாவிட்டாலும், மார்க்கச் சட்டத்தைத் தன் சொந்த மொழியில் வாசித்துவிட முடிந்தது. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) எழுதிய ‘ஃபத்ஹுத் தய்யான்’ அப்படிப்பட்ட சட்டநூல். கடல் கடந்து இலங்கை முஸ்லிம்களின் வீடுகளிலும் அது ஓதப்பட்டது. மதரஸாவில் ஆண்டுக்கணக்கில் தங்கிப் படிக்க முடியாதவர்களை மனத்தில் வைத்து எழுதியவர் அவர். எனக்கு அவர்மீது தனி மரியாதை உண்டு.

ஆனால் அந்தக் காலத்தைத் தங்கமாகத் தீட்டிக்காட்ட எனக்கு மனம் வரவில்லை. முப்பது ஜுஸ்உவையும் ஓதி முடித்த பிள்ளைக்கு அவற்றில் ஒரு வரியின் பொருளும் தெரியாமல் இருந்தது. பிரம்பு அதிகம். பெண்பிள்ளை பெரியவளானதும் ஓதுவது பெரும்பாலும் நின்றுபோகும். குர்ஆனைத் தமிழில் பெயர்ப்பதே தகுமா என்ற தயக்கம் நெடுநாள் இருந்தது. வேலூர் பாகியாத்துஸ் ஸாலிஹாத்தில் படித்த ஆ.கா. அப்துல் ஹமீது பாகவியின் முழுத் தமிழாக்கம், பல்லாண்டு உழைப்புக்குப் பின் 1949-இல்தான் வெளிவந்தது. அதற்கு முன் எத்தனை தலைமுறைகள் அன்றாடம் ஓதியும் பொருள் அறியாமலேயே போய்ச் சேர்ந்தார்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

இன்று பொருளுக்குப் பஞ்சமில்லை. தமிழாக்கங்கள் பல, ஹதீஸ் தொகுப்புகள் தமிழில் அச்சாகிவிட்டன, செல்பேசியைத் தொட்டால் தஃப்ஸீர். பறிபோனது அந்த ஒன்றே கால் மணி நேரம். பள்ளிக்கூட வேன் காலை ஏழு, ஏழரைக்கே வாசலில் நிற்கிறது. சுபுஹுக்குப் பின் ஓதவைத்து, ஊட்டி அனுப்ப எந்தத் தாயாலும் முடிவதில்லை. மாலை ஆறு மணிக்குக் கணக்கு டியூஷன். மக்தப் நடக்கிறது; பிள்ளைகளும் வருகிறார்கள். ஆனால் பத்தாம் வகுப்பு நெருங்கியதும் முதலில் நிற்பது அதுதான். சென்னை மண்ணடியிலும் பர்மா பஜாரிலும் கடை வைத்திருப்பவர்களுக்கு மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவேதான் வியாபாரம். ஓடிப்போய்த் தொழுதுவிட்டு வருவதே பெரும்பாடு. பலருக்கு வாரத்தில் எஞ்சியிருக்கும் பாடம், ஜும்ஆவில் குத்பாவுக்கு முன் தமிழில் நடக்கும் பயான் மட்டும். அதிலும் கடைசிப் பத்து நிமிடத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள்.

பெண்கள் விஷயத்தில் காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. இதை நான் மகிழ்ச்சியோடு எழுதுகிறேன். கணவர், பிள்ளைகள் கிளம்பிய பின் காலை பதினொரு மணிக்கு ஜூமில் தஜ்வீத் வகுப்பு. ஐம்பது வயதில் மக்ரஜ் திருத்திக்கொள்ளும் தாய்மார்கள். சூராவின் பொருளைக் கேட்டுக் குறிப்பெடுக்கும் இளம்பெண்கள். தமிழகத்தில் பதினொரு மணி என்றால் துபாயில் காலை ஒன்பதரை, சிங்கப்பூரில் பகல் ஒன்றரை. மூன்று ஊர்ப் பெண்களுக்கும் ஒத்துவரும் நேரத்தைத் தேடிப் பிடித்து வகுப்பு வைக்கிறார்கள். பாட்டியின் அரபுத்தமிழ் கிதாபை இன்று வாசிக்க ஆளில்லை. ஆனால் பாட்டி கேட்கத் தயங்கிய கேள்விகளைப் பேத்தி உஸ்தாதாவிடம் நேரடியாகக் கேட்கிறாள்.

பின்தங்கிப்போனவர் சம்பாதிக்கும் ஆண்தான். அவருக்கு வரும் கல்வி துண்டு துண்டாக வருகிறது: வாட்ஸ்அப்பில் மூன்று நிமிட பயான், அடுத்த நாள் அதற்கு மறுப்பாக இன்னொன்று. கேட்டதும் கண் கலங்குகிறது. விரல் அடுத்ததற்குத் தள்ளிவிடுகிறது. நேற்று எங்கே விட்டோம், நாளை எங்கே தொடங்குவோம் என்ற தொடர்ச்சி அதில் இல்லை. அந்தத் தொடர்ச்சி இல்லாவிட்டால் ஆண்டு முழுக்கக் கேட்டாலும் ஒரு பாடம்கூட முடிவதில்லை.

நேரமில்லை என்ற குறை புதிதல்ல. மதீனாவில் உமர் (ரலி) அவர்களுக்கும் பிழைப்பு இருந்தது. நகரின் மேட்டுப்பகுதியில், பனூ உமைய்யா இப்னு ஸைத் குடியிருப்பில் இருந்த அவர்கள், பக்கத்துவீட்டு அன்ஸாரித் தோழரோடு முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் இவர் நபி (ஸல்) அவர்களின் சபைக்குப் போவார், மறுநாள் அவர். போனவர் அன்று இறங்கிய வஹீயையும் மற்றச் செய்திகளையும் கொண்டுவந்து மற்றவருக்குச் சொல்வார். புகாரியின் கல்வி பற்றிய பகுதியில் இந்தச் செய்தி பதிவாகியிருக்கிறது. அதே பகுதியில் இப்னு மஸ்ஊத் (ரலி) வியாழக்கிழமைதோறும் உபதேசம் செய்ததும் வருகிறது. தினமும் சொல்லக் கூடாதா என்று ஒருவர் கேட்டபோது, உங்களைச் சலிப்படையச் செய்ய விரும்பவில்லை என்று மறுத்துவிட்டார்கள். பெண்கள் தங்களுக்கென்று ஒரு நாளைக் கேட்க, நபியவர்கள் நாள் குறித்துக் கொடுத்ததும் அங்கேயே இருக்கிறது. குறித்த நாள், குறித்த முறை, சேர்ந்து கற்க இன்னொருவர். ஓய்ந்திருந்தவர்களின் ஏற்பாடு அல்ல இது. பேரீச்சந்தோட்டமும் சந்தையும் பார்த்தவர்களின் ஏற்பாடு.

ஊர் நேரத்தைக் காத்தால் இன்றும் நடக்கும் என்பதற்குக் காயல்பட்டினமே சாட்சி. ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் அங்கே முப்பது நாள் புகாரி ஷரீஃப் மஜ்லிஸ் நடக்கிறது. காலையில் ஹதீஸ்களை ஓதி, பிறகு ஆலிம்கள் விளக்கம் சொல்கிறார்கள். வெளியூரில் வியாபாரம் செய்பவர்கள் அதை வைத்து ஊர்ப் பயணத்தைத் திட்டமிடுவதுண்டு; வர முடியாதவர்கள் இணையத்தில் நேரலையாகக் கேட்கிறார்கள். தேதி முன்பே தெரியும் என்பதால், வேலைகள் அதற்கு இடம் விட்டு நகர்ந்துகொள்கின்றன.

மற்ற மஹல்லாக்களில் முப்பது நாள் வேண்டாம். இஷாவுக்குப் பின் பதினைந்து நிமிடம், வாரத்தில் இரண்டு நாள், ஒரே கிதாப், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை: இதை எந்த ஜமாஅத்தாலும் தொடங்க முடியும். கடையில் அண்ணன் தம்பி இருவர் இருந்தால் இன்று அண்ணன் போகட்டும். ஷட்டரை இறக்கும் நேரத்தில் கேட்டதைத் தம்பிக்குச் சொல்லட்டும். அடுத்த முறை தம்பி. ஆனால் நடத்தித் தரும் இமாமுக்கு இந்த வேலைக்கென்று தனியாக ஊதியம் கொடுக்க வேண்டும். ஐந்து வேளைத் தொழுகை, காலை மாலை மக்தப், ஜனாஸா, நிகாஹ் எல்லாம் ஏற்கெனவே அவர் தலையில்தான் இருக்கின்றன. பள்ளிவாசலுக்குக் குளிர்சாதனம் வாங்க ஒரே ஜும்ஆவில் பணம் சேர்த்துவிடுகிறோம். அடுத்த பொதுக்குழுவில் இந்த ஊதியத்தையும் யாராவது ஒருவர் எழுந்து கேட்க வேண்டும்.