எல்லை அறிந்த நாய்

அம்பாறை மாவட்டத்தின் இறக்காமம் பிரதேசத்தில் அமைந்த வரிப்பத்தான்சேனை, உழவை நம்பி வாழும் ஊர். அதன் பெயரின் ஈற்றில் நிற்கும் சேனை என்னும் சொல்லே காடு வெட்டித் திருத்திச் செய்யும் பயிர்ச்செய்கையை நினைவூட்டுவது. பெரும்போக நெல் கதிர் முற்றும் காலத்தில் இப்பகுதி வட்டைகளில் இரவு உறக்கத்திற்குரியதன்று. காட்டுப்பன்றி வரும், சில வேளைகளில் யானையும் வரும். வாடியில் காவலிருப்பவனின் கண்ணுக்கும் செவிக்கும் எட்டாத அந்த வரவை முதலில் அறிந்து அறிவிப்பது, அவன் காலடியில் கிடக்கும் நாயே. ஆதலின் நாய் வேண்டுமா, வேண்டாமா என்னும் கேள்விக்கு உழவன் என்றோ விடை கண்டுவிட்டான்.

விடை காண வேண்டிய கேள்வி வேறொன்று. அறுவடை முடிந்து, அந்த நாய் தன்னை வளர்த்தவனைப் பின்தொடர்ந்து ஊருக்குள் வந்தபின், அங்கே அது எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்?

மாலைத் தொழுகைக்காக வெள்ளுடை உடுத்தி ஒருவர் ஒழுங்கையில் பள்ளிவாசலை நோக்கி நடக்கிறார். அயல் வீட்டு நாய் அவரை நன்கு அறியும். அறிந்த மகிழ்ச்சியில் ஓடிவந்து, ஈர வாயோடு அவர் மேல் தாவுகிறது. நாய்க்கு அது அன்பு, அவருக்கோ பெருந்தொல்லை. இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, நாயின் உமிழ்நீரோ ஈரமோ பட்ட இடத்தை 7 முறை கழுவ வேண்டும். அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். உடை மாற்றித் திரும்புவதற்குள் கூட்டுத் தொழுகை முடிந்துவிடக்கூடும். அவர் கொள்ளும் மனவருத்தம் நாயின் மீது அன்று, அதை வளர்த்தவன் மீதே. இவ்வாறு பத்து நாள் நிகழுமாயின் ஒரு வேலிக்கு இருபுறமும் வாழும் இரு குடும்பங்கள் பேச்சை நிறுத்திவிடும். பின்னர் நாய் மீது கல் விழும். ஒரு நாள் அது சாக்கிற் கட்டித் தொலைவில் விடப்பட்டுக் கட்டாக்காலி நாய்களுள் ஒன்றாகும். ஒழுக்கம் கற்பிக்கப்படாத நாய் ஈற்றில் இழப்பது தன் வீட்டையே.

நாயைப் பழக்குவது மார்க்கத்திற்கு ஒவ்வாத செயல் என்று கருதுவோரும் உளர். உண்மை அவ்வாறன்று. தேவையின்றி நாயை வீட்டில் வைத்திருப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. எனினும் பயிர்க்காவலுக்கும், கால்நடைக் காவலுக்கும், வேட்டைக்கும் நாய் வைத்திருக்க இடமளித்தார்கள். தாகத்தால் வருந்திய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தம் பாதவுறையில் நீர் முகந்து கொடுத்த ஒருவர் இறைவனின் மன்னிப்பைப் பெற்றார் என்னும் செய்தியும் நபிமொழியில் உண்டு. பயிற்றப்பட்ட வேட்டை விலங்கு பிடித்துத் தரும் இரையை உண்ணலாம் என்பது திருக்குர்ஆனின் 5ஆம் அத்தியாயம் தரும் அனுமதி. அவ்வாறாயின் பயிற்றப்பட்ட நாய் எது? ஷாபிஈ சட்ட அறிஞர்கள் இதற்கு அடையாளங்கள் வகுத்தனர். ஏவினால் அது செல்ல வேண்டும். தடுத்தால் நிற்க வேண்டும். பிடித்த இரையைத் தான் தின்னாது வைத்திருக்க வேண்டும். இவை ஒரு முறை தற்செயலாக நிகழ்ந்தாற் போதாது. பன்முறை நிகழ்ந்து வழக்கமாக வேண்டும். இன்றைய நாய்ப் பயிற்சியாளர் எவரும் இவ்விலக்கணத்தில் குறை காணமாட்டார். செல், நில், தொடாதே என்னும் மூன்று சொற்களுள் நாயின் நல்லொழுக்கம் ஏறக்குறைய முழுவதும் அடங்கிவிடுகிறது.

நாயின் நன்றியுணர்வைத் தமிழர் நெடுங்காலமாக அறிவர். பழகிய பாகனையே கொல்லும் யானையோடு ஒப்பிட்டு, வளர்த்தவன் எறிந்த வேல் உடலில் தைத்திருக்கும்போதும் அவனிடம் வாலாட்டும் நாயைச் சிறந்த நட்புக்கு உவமை காட்டியது நாலடியார். ஆனால் நன்றி வேறு, ஒழுக்கம் வேறு. நன்றி நாயோடு பிறப்பது. ஒழுக்கம் மனிதன் கற்பிப்பது. எவர் மேல் தாவலாம், எவ்விடத்தில் நுழையலாகாது, எப்போது குரைப்பது போதும் என்பவை நாய் தானே அறியக்கூடியவை அல்ல.

அது எவ்வாறு கற்கிறது? ரஷிய அறிஞர் இவான் பாவ்லோவ் உணவு செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர். உணவைக் கண்டதும் நாயின் வாயில் உமிழ்நீர் ஊறுவதை ஆராய்ந்தபோது, உணவு கொண்டுவருபவனின் காலடியோசைக்கே அது ஊறத் தொடங்குவதை அவர் கவனித்தார். ஒன்றையடுத்து மற்றொன்று தவறாது வருமாயின், நாய் அவ்விரண்டையும் தன் உள்ளத்தில் பிணைத்துக்கொள்கிறது. பயன் தந்த செயலை அது மீண்டும் செய்யும். பயன் தராத செயலை மெல்ல மெல்ல விட்டுவிடும். பயிற்சி முழுவதும் இவ்விரு விதிகளின் மேல் நிற்கிறது.

இங்கே கவனித்தற்குரிய செய்தி ஒன்றுண்டு. பழைய பயிற்சி முறை கையால் நடந்தது. பிடரியைப் பிடித்தனர்; இடுப்பை அழுத்தி உட்காரவைத்தனர்; கயிற்றைச் சுண்டி இழுத்தனர்; கோலால் அடித்தனர். புதிய முறைக்கு நாயைத் தொடவே தேவையில்லை. குரல், கைச்சாடை, எறிந்து கொடுக்கும் சிறு உணவு, பொறுமை ஆகிய நான்கும் போதும். ஆதலின் தூய்மை விதியைப் பேணும் முஸ்லிம் உழவனுக்கு மிகவும் பொருந்துவது இம்முறையே. அவன் கருவாட்டுத் துண்டைக் கையால் ஊட்ட வேண்டுவதில்லை. நாயின் முன் நிலத்தில் இட்டால் அமையும். நாய்க்கெனத் தனித் தட்டு, தனி நீர்ப்பாத்திரம், படுக்க ஒரு சாக்கு, வயலுக்கென ஒரு தனி உடை ஆகியவை இருப்பின் வீட்டின் தூய்மைக்கும் இடையூறில்லை.

குட்டியைத் தாயிடமிருந்து 8 வாரங்களுக்கு முன் பிரித்தல் தகாது. ஏறத்தாழ 3ஆம் வாரத்திலிருந்து 12ஆம் வாரம் வரையுள்ள காலமே உலகத்தோடு பழகும் பருவம் என்பதை அமெரிக்க ஆய்வாளர்களான ஸ்கொட், புல்லர் ஆகியோர் 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கினர். இப்பருவத்தில் அமைதியாகக் கண்டு பழகியவற்றுக்கு நாய் பிற்காலத்தில் பெரிதும் அஞ்சாது. உழவு இயந்திரம், துவிச்சக்கர வண்டி, ஆடு மாடு, கோழி, பாடசாலைப் பிள்ளைகள், பள்ளிவாசலின் ஒலிபெருக்கி ஆகியவற்றையெல்லாம் அது தொலைவிலிருந்து காண வேண்டும், கேட்க வேண்டும். காணும்போது உணவும் பெற வேண்டும். அச்சமே பெரும்பாலான கடிகளுக்கு வேர். அச்சமில்லாத நாய் கடிக்க விரைவதில்லை.

முதற் பாடம் பெயர். பெயரைச் சொன்னதும் நாய் திரும்பிப் பார்த்தால் உடனே ஒரு துண்டு உணவு. உடனே என்பது ஓரிரு நொடிக்குள் என்று பொருள்படும். தாமதித்துக் கொடுத்தால், இடையில் தான் செய்த வேறொரு செயலுக்கே பரிசு கிடைத்ததாக நாய் எண்ணிக்கொள்ளும்.

இரண்டாம் பாடம் இருத்தல். உணவுத் துண்டை நாயின் தலைக்கு மேலே சற்று உயர்த்திப் பின்புறமாக நகர்த்தினால், அதைப் பார்க்கத் தலை உயரும். தலை உயரப் பின்பகுதி தானே தாழும். தாழ்ந்த கணத்தில் உணவை நிலத்தில் இட வேண்டும். சில நாள் சென்றபின் "இரு" என்னும் சொல்லை அதனோடு சேர்க்கலாம். பாடம் ஒன்று 5 நிமிடத்திற்கு மேற்படலாகாது. நாளுக்கு இரண்டு மூன்று முறை போதும்.

மூன்றாம் பாடம் தாவாமை. தாவும் நாயைக் கத்தி விலக்குவது தவறு. நாய்க்கு அது விளையாட்டு. பார்க்காமல், பேசாமல் முதுகைத் திருப்பி நிற்க வேண்டும். நான்கு கால்களும் நிலத்தில் ஊன்றியபின்னரே குரலும் உணவும் கிடைக்க வேண்டும். வீட்டில் நால்வர் இம்முறையைக் கைக்கொள்ள, ஐந்தாமவர் மட்டும் தாவும்போது தட்டிக்கொடுப்பாராயின் பாடம் வீணாகும். நாய் கெட்டது என்று சொல்லப்படும் வீடுகள் பலவற்றில், உண்மையில் ஒருமைப்படாதவர்கள் மனிதர்களே.

நான்காம் பாடம் விடுதல். மூடிய கையுறைக்குள் உணவை வைத்து நாயின் முன் நீட்டினால் அது முகரும், பிராண்டும். "விடு" என்று ஒருமுறை சொல்லிக் காத்திருக்க வேண்டும். அது முகத்தை விலக்கிய கணத்தில் மறு கையால் வேறொரு துண்டை நிலத்தில் எறிய வேண்டும். வாசலில் கிடக்கும் செருப்பையும், அயலான் கோழியையும், எலிக்கு வைத்த நஞ்சையும் தொடாதிருக்க நாய்க்கு உதவுவது இப்பாடமே. பிறர் பொருளைக் காப்பதோடு அதன் உயிரையும் காப்பது இது.

ஐந்தாவது எல்லைப் பாடம். வாசற்படிக்கு வெளியே சாக்கை விரித்து, நாய் அதன் மேல் நிற்கும்போதெல்லாம் அதில் உணவை இட வேண்டும். பின்னர்ப் படுத்தால் மட்டும் இட வேண்டும். காத்திருக்கும் நேரம் 5 நொடி, 20 நொடி, ஒரு நிமிடம் எனச் சிறுகச் சிறுக வளரலாம். வளர்ப்பவர் ஓரடி, ஈரடி எனத் தொலைவும் விலகலாம். சில வாரங்களில் விருந்தினர் வந்தாலும் நாய் தன் இடத்தில் கிடக்கக் கற்றுக்கொள்ளும். பாடங்கள் வழக்கமானபின் ஒவ்வொரு முறையும் உணவு தர வேண்டுவதில்லை. இடையிடையே தந்தாற் போதும்.

செய்யத்தகாதவையும் சில உள. அழைத்தும் வர மறுத்துப் பின் தாமதித்து வந்த நாயை அடிப்பது பெரும் பிழை. அடித்தவன் அதனால் கற்பித்தது, அழைத்தால் வராதே என்பதையே. வீட்டிற்குத் திரும்பிக் கிழிந்த பாயைக் கண்டு நாயை ஏசுவதும் பயனற்றது. அப்போது அது தலைகுனிவது தன் குற்றத்தை உணர்ந்து அன்று. 2009ஆம் ஆண்டில் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்னும் ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில், தவறு செய்யாத நாய்களும் ஏச்சுக் கேட்டபோது அதே முகத்தைக் காட்டின. அது ஏச்சுக்கு அஞ்சிய முகமே. உறுமும் நாயை அடித்து அடக்குவதோ இவை எல்லாவற்றினும் ஆபத்தானது. உறுமல் ஓர் எச்சரிக்கை. எச்சரிக்கை தண்டிக்கப்பட்ட நாய், அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கக்கூடும். நாள் முழுவதும் சங்கிலியிற் கிடக்கும் நாயும் இவ்வாறே முரடாகும். உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் நெருங்கலாகாது என்பதைப் பிள்ளைகளுக்கும் கற்பிக்க வேண்டும்.

ஒழுக்கம் எவ்வளவு இருப்பினும் தடுப்பூசி போடப்படாத நாய் அயலாருக்கு அச்சமே. இலங்கையில் 1973ஆம் ஆண்டில் மட்டும் விசர்நாய்க்கடி நோயால் 377 பேர் உயிரிழந்தனர். நாய்களுக்குப் பரவலாகத் தடுப்பூசி ஏற்றப்பட்டதன் பின்னரே அத்தொகை பெரிதும் வீழ்ந்தது. நோய்க்குறிகள் தோன்றியபின் இந்நோயிலிருந்து மனிதன் மீள்வது மிக அரிது. ஆதலின் ஆண்டுதோறும் நாய்க்கு ஊசி ஏற்றுவதும், நாய்களைப் பதிவு செய்வதற்கான 1901ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்திற்கிணங்க உள்ளூராட்சிச் சபையில் அதைப் பதிவதும், தேவையற்ற குட்டிகள் தெருவிற் சேராதபடி கருத்தடை செய்விப்பதும் வளர்ப்பவரின் கடமைகள். கடியோ கீறலோ பட்டால் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவி, தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

நாய்க்கு நல்லொழுக்கம் என்றதும் கைகுலுக்குவதும், பந்தை எடுத்து வருவதும் சிலர் நினைவுக்கு வரும். அவை வேடிக்கைகள். நல்லொழுக்கமோ அயலாருக்குச் செலுத்த வேண்டிய கடன். கொழும்பின் மாடிவீட்டில் அது அமைதியாயிருத்தலாகும். யாழ்ப்பாணத்து ஒழுங்கையில் வண்டியைத் துரத்தாமையாகும். வரிப்பத்தான்சேனையில் தொழுகைக்குச் செல்பவருக்கு வழிவிட்டு விலகிக் கிடத்தலாகும். இடத்திற்கேற்ப வடிவம் மாறினும் உள்ளீடு ஒன்றே. அது தன் எல்லையை அறிதல்.

திருக்குர்ஆனின் 18ஆம் அத்தியாயத்தில் குகையில் உறங்கிய இளைஞர்களின் வரலாறு வருகிறது. அவர்களோடு ஒரு நாயும் இருந்தது. குகையின் வாயிலில் முன்னங்கால்களை நீட்டிக் கிடந்தது அது. உள்ளே நுழையவில்லை, விட்டு நீங்கவும் இல்லை. வயற்காவல் முடிந்து வீடு திரும்பிய நாய் வாசற்படிக்கு வெளியே தன் சாக்கின் மேல் அவ்வாறே கிடக்குமாயின், வேலிக்கு அப்பாலுள்ளவரும் அதற்கு ஒரு பிடி சோறு வைக்கத் தயங்கமாட்டார்.