சொன்ன விலையா, படிஞ்ச விலையா?

நெல்லுக்கு அரசு கொள்முதல் விலை இருக்கு. திருவிடைமருதூருக்குப் பக்கத்துல திருபுவனத்துல பட்டுச் சேலைன்னா பட்டு எவ்வளவு, ஜரிகை எவ்வளவு, நெசவுக் கூலி எவ்வளவுன்னு கூட்டிப் பார்த்து ஒரு விலைக்கு வந்துடலாம். ஆனா, 'கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்' கேம்ல வர்ற ஒரு கத்திக்கு? வெங்காயம்கூட நறுக்காது. சிலது லட்சத்தைத் தாண்டுது! "என் ஸ்கின்னுக்கு எவ்ளோ மச்சி தேறும்?"னு கேட்கிற பசங்களுக்குத்தான் இந்தக் கணக்கு.

ஒருத்தர் 20,000 ரூபாய்னு போட்டு வெச்சிருக்கார்னா அது அவரோட ஆசை. விலை ஆகாது. ஸ்டீம் மார்க்கெட்ல நிஜமாவே வித்ததோட கிராஃப் இருக்கு, அதைப் பாருங்க. அபூர்வமான பொருள் எப்பவோ ஒண்ணுதான் விக்கும்; அப்போ 'வாங்கிக்கிறேன்'னு காத்திருக்கிறவங்க கேட்டிருக்கிற அதிகபட்ச விலையைப் பாருங்க. இன்னைக்கே கைமாத்தணும்னா அதுதான் விலை.

அடுத்து, பொருளோட ஜாதகம். ஒவ்வொரு ஸ்கின்னுக்கும் 'ஃப்ளோட்'னு 0-வுக்கும் 1-க்கும் நடுவுல ஒரு எண் உண்டு. எத்தனை மேட்ச் ஆடினாலும் மாறாது. 0.07-க்குக் கீழேன்னா பளபள, 0.45-ஐத் தாண்டினா ஈயம் போன பாத்திரம். 'கேஸ் ஹார்டன்ட்' மாதிரி சிலதுல டிசைன் எண்ணும் சேர்ந்துக்கும். நீலம் நிறைய விழுந்தா விலை எங்கேயோ போயிடும். ஒட்டின ஸ்டிக்கரோட முழு விலையையும் சேர்த்துக் கேட்கிறவங்க இருக்காங்க. பெரும்பாலும் அதுல சின்னப் பங்குதான் தேறும்.

இப்ப கையில வர்ற காசு. வாங்கறவர் 1,150 ரூபாய் கொடுத்தா விக்கறவருக்கு 1,000 தான்; மிச்சம் கமிஷன். அந்த ஆயிரமும் ஸ்டீம் வாலட்லயே கிடக்கும். பேங்குக்கு மாத்தி செமஸ்டர் ஃபீஸ் கட்ட முடியாது. அதனாலதான் வெளி சைட்கள்ல ரொக்க விலை பொதுவா குறைவா இருக்கு. 'அங்கே சீப்'னு துள்ளாதீங்க, அது வேற காசு. தெரியாத ஆளுக்கு நேரடியா பணம் அனுப்பி வாங்குறது இன்னும் வில்லங்கம். 2025 ஜூலையிலிருந்து, டிரேட் ஆன பொருளை 7 நாளுக்குள்ள கொடுத்தவர் திரும்ப எடுத்துக்க வழி இருக்கு. ஏமாந்தவங்களுக்காக வந்த பாதுகாப்புதான். ஆனா பொருளும் போய் பணமும் போனா யார்கிட்ட கேட்பீங்க?

எல்லாக் கணக்கையும் கம்பெனி ஒரே ராத்திரியில கவுத்துடலாம், பாஸ். 2025 அக்டோபர் 22-ல வால்வ் கம்பெனி ஒரு அப்டேட் விட்டுச்சு: அஞ்சு சிவப்பு ரக ஸ்கின்னைக் கொடுத்தா ஒரு கத்தியோ கையுறையோ கிடைக்கும்! அதுவரைக்கும் கத்தி பெட்டியில அதிர்ஷ்டத்துல மட்டும்தான் விழும். கத்தி விலை மளமளன்னு சரிஞ்சது, சீந்துவார் இல்லாத சிவப்பு ஸ்கின்கள் எகிறிடுச்சு. கத்திக்கு யாராவது 2025 செப்டம்பர் ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டி விலை பேசினா, ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிடுங்க.