குப்பைக் கூடையும் தொழிலாளியின் கையும்

வாயிலில் வைத்த குப்பைக் கூடை வெறுமையானதும் நம் கவலை தீர்ந்தது என்று கதவை அடைத்துக்கொள்கிறோம். ஆனால், கூடைக்குள் நாம் இட்ட ஆபத்து அங்கே தீர்ந்துபோவதில்லை. அதனைத் தூக்கி லொறியில் ஏற்றும் தொழிலாளியின் கைக்கு அது மாறிவிடுகிறது.

அவ்வாபத்துக்கள் யாவை? உடைந்த போத்தலும் சவர அலகும் ஒருபுறம்; நீரிழிவு நோயாளர் வீட்டில் உபயோகித்து எறியும் ஊசி மற்றொருபுறம். ஈரத்தைத் தடுக்கும் மெல்லிய கையுறை ஊசிமுனையைத் தடுப்பதில்லை. ‘ஹெபடைடிஸ் பி’ என்னும் ஈரல் அழற்சிக் கிருமி, உலர்ந்த இரத்தத்திலும் குறைந்தது 7 நாட்கள் அழியாதிருக்கவல்லது. இதற்கான தடுப்பூசி நம் நாட்டுக் குழந்தைகளுக்கு 2003ஆம் ஆண்டு முதலே வழங்கப்பட்டு வருகிறது. அதற்கு முன் பிறந்த தொழிலாளர், வளர்ந்தபின் தனியே ஏற்றிக்கொண்டாலன்றி, அப்பாதுகாப்பு அற்றவரே.

சிறு கீறல்தானே என்று எண்ணவும் இயலாது. கூடையிலுள்ள சோறும் கறியும் எலிகளை அழைக்கின்றன. எலியின் சிறுநீரிலுள்ள கிருமி அக்கீறல் வழியே உடலிற் புகுந்தால் எலிக்காய்ச்சல் உண்டாகும். 2008ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோர் இந்நோய் கண்டவராகப் பதிவாயினர். வயற்சேற்றில் உழைப்போரைத் தாக்கும் அதே கிருமி, குப்பை அள்ளுவோரையும் விடுவதில்லை. காய்ச்சலும் தசைநோவுமாகத் தொடங்கும் இந்நோய், முற்றினால் சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஆதலின், காய்ச்சல் கண்ட தொழிலாளி தம் தொழில் இன்னதென வைத்தியரிடம் முதலிலேயே கூறுதல் நன்று. நாட்கூலிக்கு உழைப்பவர் படுக்கையில் வீழ்ந்தால் வீட்டு அடுப்பும் அணைந்துவிடுமன்றோ?

கையுறை, சப்பாத்து, தடுப்பூசி, கைகழுவ நீர், சவர்க்காரம் ஆகியவற்றை அளிப்பது நகர சபைகளினதும் பிரதேச சபைகளினதும் கடமை. எனினும், முதற் காவல் நம் சமையலறையிலேயே உள்ளது. உபயோகித்த ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் போத்தலிலிட்டு மூடியை இறுக்குவோம்; அதனை வைத்தியசாலையில் ஒப்படைக்க இயலுமா எனக் கேட்டறிவோம். கண்ணாடித் துண்டுகளைப் பல மடிப்புக் கடதாசியிற் சுற்றிப் பெட்டியிலிட்டு, மேலே ‘கண்ணாடி’ என எழுதிவைப்போம். எழுதும் பொறுப்பை வீட்டிலுள்ள மாணவர் ஏற்கட்டும். உணவுக் கழிவை நீர்வடித்து வேறு கூடையில் மூடிவைத்தால் எலியும் அணுகாது, பாரமும் குறையும், தூக்குபவரின் முதுகும் தப்பும்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. சிறிது பொறுமையே வேண்டும். நம் வீட்டைத் துப்புரவாக்கும் கை, மாலையில் தன் பிள்ளைகளுக்கு உணவளிக்கும் கையுமாகும். அது காயமின்றி வீடு திரும்பச் செய்தல் நம் கடனாகும்.